திரையைத் துடைப்போம், தடயத்தைக் காப்போம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். பாடவேளை முடிந்ததும் கரும்பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெளியே வருவது எனக்குப் பழக்கம். அடுத்து வரும் ஆசிரியருக்கு நாம் செய்யும் சிறு மரியாதை அது. அந்தப் பழக்கத்தை யோசிக்காமல் கணினி ஆய்வகத்துக்கும் கொண்டு போனேன். "வேலை முடிந்ததா? கிளியர் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்" என்று பல ஆண்டுகளாக மாணவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஒரு மாணவி எனக்குப் புரிய வைத்தார். அந்த அனுபவத்தையும், அதற்குப் பின்னால் உள்ள தொழில்நுட்பத்தையும், வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய ஓர் எளிய செயல்பாட்டையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

செப்டம்பர் 17 அன்று நடந்தது

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு, 12 ஆம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும் இணைந்த செயல்திட்டம் ஒன்றை மாணவர்கள் செய்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலிலும் 12 ஆம் வகுப்பில் பைத்தான் உண்டு என்பதால், இங்கே சொல்லப்போவது இரு பக்க ஆசிரியர்களுக்கும் பொருந்தும்.

ஒரு மாணவி நூலக மேலாண்மை நிரலை எழுதியிருந்தார். திரையில் ஒரு பட்டியல் வரும்: 1 புத்தகம் வழங்கு, 2 திரும்பப் பெறு, 3 தேடு, 4 வெளியேறு. ஒவ்வொரு முறை பட்டியல் வரும்போதும் திரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, சுழற்சியின் தொடக்கத்தில் ஓ.எஸ். தொகுதியின் சிஸ்டம் செயற்கூறு வழியாகக் கிளியர் கட்டளையை இயக்கும் வரி இருந்தது. அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

இரண்டு வாரம் நிரல் நன்றாக ஓடியது. செப்டம்பர் 17 அன்று புத்தகம் வழங்கும் பகுதி வேலை செய்யவில்லை. விவரங்களைக் கொடுத்து எண்டர் அழுத்தினால், மறுபடியும் பட்டியலே வந்து நிற்கிறது. அட்டவணையில் எதுவும் பதிவாகவில்லை.

"சார், ஏதோ ஒரு வரி வந்துட்டு உடனே போயிடுது" என்றார்.

"மேலே உருட்டிப் பாரும்மா, இருக்கும்" என்றேன்.

உருட்டினார். மேலே ஒன்றும் இல்லை. நானும் வந்து சுட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன். பட்டியலுக்கு மேல் ஒரு வரிகூட இல்லை. "அப்படி எதுவும் வரவில்லையே, நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அந்த வரியைக் கண்ணால் பார்த்தவர் அவர். இரண்டு பாடவேளைகள் அந்த நிரலோடு தனியாகப் போராடினார்.

அன்று மாலை வீட்டில் அதே நிரலை ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் ஒரு வரி மின்னி மறைந்தது. கிளியர் கட்டளையை இயக்கும் வரிக்கு முன்னால் குறியிட்டு, அதைச் செயலிழக்கச் செய்துவிட்டு மறுபடி ஓட்டினேன். பிழைச் செய்தி அமைதியாகத் திரையில் நின்றது: பிழை எண் 1292, தவறான தேதி மதிப்பு. புத்தகம் திரும்ப வரவேண்டிய நாளைக் கணக்கிட, மாணவி இன்றைய தேதியின் நாள் எண்ணோடு 14 ஐக் கூட்டியிருந்தார். 16 ஆம் தேதி வரை அது சரியாகவே வரும், 16 உடன் 14 சேர்ந்தால் 30. ஆனால் 17 உடன் 14 சேர்ந்தால் 31. செப்டம்பர் 31 என்று ஒரு நாளே கிடையாது என்பதால் மைஎஸ்கியூஎல் அதை ஏற்க மறுத்தது. மறுத்த காரணத்தையும் ஒழுங்காகச் சொன்னது. நான் கற்றுக்கொடுத்த வரிதான் அந்தக் காரணத்தை யாரும் படிக்கும் முன்பே அழித்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அந்த மாணவியிடம் "நீ பார்த்தது உண்மைதான், நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை" என்று சொன்னேன். அதன் பிறகு, திரையைத் துடைப்பது என்றால் உண்மையில் என்ன என்பதையே ஒரு பாடமாக நடத்தினேன்.

திரை வேறு, சுருள் வேறு

தொடக்கக் காலத்தில் கணினியோடு பேசத் திரை கிடையாது. 1963 இல் அறிமுகமான டெலிடைப் மாடல் 33 போன்ற கருவிகள் தட்டச்சுப் பொறிகளைப் போலவே காகிதச் சுருளில் அச்சடித்தன. நாம் கொடுத்த கட்டளையும் கணினி தந்த பதிலும் ஒரே காகிதத்தில் வரிசையாக இருக்கும். பழையதைப் பார்க்க வேண்டுமென்றால் காகிதத்தை இழுத்துப் பார்த்தால் போதும். அங்கே துடைத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிறகு திரை வந்தது. 1978 இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையத்தில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். 25 ஆவது வரி வந்தால் முதல் வரி மேலே போய்விடும், போனது போனதுதான். இன்று உபுண்டுவிலோ பாஸ் லினக்ஸிலோ நாம் திறக்கும் டெர்மினல் சாளரம் அந்தப் பழைய கருவியைப் போல நடிக்கும் ஒரு மென்பொருள். ஆனால் அதில் ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது. திரையை விட்டு மேலே போகும் வரிகளை நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் அவற்றைப் பார்க்கலாம். பழைய காகிதச் சுருளை நினைவூட்டுவதால், வகுப்பில் இதை நான் "சுருள்" என்றே சொல்கிறேன்.

க்னோம் டெர்மினலில் இந்தச் சுருளின் இயல்பான நீளம் 10,000 வரிகள். எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினலில் 1,024 வரிகள். விருப்பத்தேர்வுகளில் போய் இதைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆகவே நம் முன்னால் இருப்பவை இரண்டு: கண்ணுக்குத் தெரியும் திரை ஒன்று, அதற்கு மேலே மறைந்திருக்கும் சுருள் மற்றொன்று. கரும்பலகைக்குச் சுருள் கிடையாது. அதனால்தான் கரும்பலகைப் பழக்கம் இங்கே நம்மை ஏமாற்றுகிறது.

கிளியர் கட்டளை மாறிய கதை

"நான் படித்த காலத்தில் கிளியர் கொடுத்தாலும் மேலே உருட்டிப் பார்க்க முடிந்ததே" என்று சில ஆசிரியர்கள் கேட்கக்கூடும். அவர்கள் நினைவு சரியானது. கட்டளைதான் மாறிவிட்டது.

கிளியர் கட்டளை 1979 இல் பி.எஸ்.டி. யூனிக்ஸில் வந்தது. அது செய்யும் வேலை மிக எளிது. எஸ்கேப் என்ற சிறப்பு எழுத்தில் தொடங்கும் ஒரு குறியீட்டை டெர்மினலுக்கு அனுப்பும். "சுட்டுக்குறியை மேல் இடது மூலைக்குக் கொண்டு போ, கண்ணுக்குத் தெரியும் பகுதியை அழி" என்பது அதன் பொருள். அழிக்கச் சொல்லும் அந்தக் குறியீட்டில் 2 என்ற எண் இருக்கும்.

1999 இல் எக்ஸ்டெர்ம் ஒரு புதிய குறியீட்டைச் சேர்த்தது. அதே குறியீட்டில் 2 க்குப் பதில் 3 என்று அனுப்பினால் சுருள் அழியும். மற்ற டெர்மினல்களும் ஒவ்வொன்றாக இதை ஏற்றுக்கொண்டன. 2011 இல் லினக்ஸ் கெர்னல் 3.0 இன் கன்சோலிலும் அது வந்தது. 2013 இல் கிளியர் கட்டளையே மாற்றப்பட்டது. அன்று முதல் அது, டெர்மினல் ஏற்குமானால், 2 ஐயும் 3 ஐயும் சேர்த்தே அனுப்புகிறது. திரையும் போகும், சுருளும் போகும்.

இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணம் உண்டு. பலர் பயன்படுத்தும் கணினியில் முந்தையவரின் தகவல் அடுத்தவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஆனால் பிழையைத் தேடிக்கொண்டிருக்கும் மாணவருக்கு அதுவே இடையூறு. அதனால் சுருளைத் தொடாமல் திரையை மட்டும் துடைக்க, "-எக்ஸ்" என்ற விருப்பத்தேர்வும் பின்னர் சேர்க்கப்பட்டது.

வகுப்பறைச் செயல்பாடு: 1 முதல் 100 வரை

இதை விளக்கிச் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. பத்து நிமிடம் போதும். டெர்மினலைத் திறந்து, எஸ், இ, க்யூ என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு 100 என்று கொடுத்து எண்டர் அழுத்தச் சொல்லுங்கள். 1 முதல் 100 வரை எண்கள் வரிக்கு ஒன்றாக ஓடும். இப்போது மாணவர்கள் கீழ்க்காணும் ஒவ்வொரு வழியையும் செய்து, மேலே உருட்டி, எந்த எண்கள் மிஞ்சியிருக்கின்றன என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு வழிக்கு முன்பும் எண்களை மறுபடி ஓடவிட வேண்டும்.

முதல் வழி, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி எல் விசையைத் தட்டுவது. திரை வெறுமையாகும். மேலே உருட்டினால் க்னோம் டெர்மினலில் 100 எண்களும் இருக்கும். பாதி தட்டச்சு செய்த கட்டளை இருந்தால் அதுவும் கலையாமல் திரையின் உச்சிக்குப் போகும். அன்றாட வேலைக்கு இதுவே போதும்.

இரண்டாவது வழி, கிளியர் என்று மட்டும் கொடுப்பது. மேலே உருட்டினால் எதுவும் இருக்காது. 100 எண்களும் போயிருக்கும்.

மூன்றாவது வழி, கிளியர் என்று எழுதி, இடைவெளி விட்டு, -எக்ஸ் சேர்ப்பது. திரை வெறுமையாகும், சுருள் அப்படியே இருக்கும்.

வாய்ப்பிருந்தால் எக்ஸ்டெர்மிலும் இதைச் செய்து பாருங்கள். அங்கே ஒரு நுட்பம் தெரியும். கண்ட்ரோல்-எல் கொடுத்த பிறகு மேலே உருட்டினால் 77 வரைதான் இருக்கும். 24 வரித் திரையில் அப்போது தெரிந்துகொண்டிருந்த 78 முதல் 100 வரையிலான எண்கள் காணாமல் போயிருக்கும். காரணம், க்னோம் டெர்மினலும் கே.டி.ஈ.யின் கான்சோலும் திரையை அழிக்கும் முன் அதில் உள்ளதைச் சுருளுக்குத் தள்ளிவிடுகின்றன. எக்ஸ்டெர்ம் இயல்பு நிலையில் அப்படிச் செய்வதில்லை. ஏற்கெனவே சுருளுக்குப் போனது தப்பிக்கும், திரையில் இருந்தது அழியும். ஒரே விசை, இரண்டு டெர்மினல்களில் இரண்டு விளைவு. எனவே எந்த ஆய்வகத்துக்குப் போனாலும், முக்கியமான வேலை தொடங்கும் முன் இந்த 100 எண் சோதனையை ஒருமுறை செய்துவிடும்படி மாணவர்களிடம் சொல்கிறேன்.

விண்டோஸில் உள்ள கட்டளைச் சாளரத்தில் சி.எல்.எஸ். கட்டளை சுருளையும் சேர்த்தே அழித்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிரலுக்குள் என்ன செய்யலாம்?

மாணவர்களின் பைத்தான் நிரல்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது. நான் இப்போது மூன்று மாற்றங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, லினக்ஸில் சிஸ்டம் செயற்கூறுக்குள் கிளியர் என்பதற்குப் பதிலாக கிளியர் -எக்ஸ் என்று எழுதுவது. பேஷ் அமைப்புக் கோப்பில் ஏலியஸ் வைத்து, கிளியர் என்றால் கிளியர் -எக்ஸ் என்று மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. கையால் தட்டச்சு செய்யும்போது அது பயன்படும். ஆனால் பைத்தான் நிரல் இயக்கும் கட்டளைக்கு அந்த ஏலியஸ் பொருந்தாது. எனவே நிரலில் முழுமையாக எழுத வேண்டும்.

இரண்டாவது, எந்தக் கணினியிலும் எந்த டெர்மினலிலும் வேலை செய்யும் வழி. பிரிண்ட் செயற்கூறுக்குள் புதுவரிக் குறியீட்டை 50 ஆல் பெருக்கிக் கொடுத்தால் 50 வெற்று வரிகள் அச்சாகும். பழையது எல்லாம் மேலே போய்ச் சுருளில் பத்திரமாக உட்காரும். சுட்டுக்குறி திரையின் அடியில் நிற்கும் என்பது மட்டுமே குறை. எக்ஸ்டெர்மிலும் விண்டோஸிலும் இது பாதுகாப்பானது. ஐடில் சாளரத்தில் கிளியர் கட்டளை வேலை செய்யாது, அங்கும் இந்த வழி உதவும்.

மூன்றாவது, மிக முக்கியமானது. பிழையைப் பிடிக்கும் எக்செப்ட் பகுதியில் பிழைச் செய்தியை அச்சிட்டவுடன், "தொடர எண்டர் அழுத்தவும்" என்று ஓர் இன்புட் வரி சேர்க்க வேண்டும். பயனர் படித்து முடிக்கும்வரை நிரல் காத்திருக்கும். நூலக நிரலில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த மாணவிக்கு இரண்டு பாடவேளைகள் வீணாகியிருக்காது.

மைஎஸ்கியூஎல் சாளரத்துக்குள் இருக்கும்போது திரையைத் துடைக்க வேண்டுமென்றால், லினக்ஸில் சிஸ்டம் என்று எழுதி அதன்பின் கிளியர் -எக்ஸ் என்று கொடுக்கலாம்.

இரண்டு "ஹிஸ்டரி"கள்

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. "கிளியர் கொடுத்தாலும் மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வருகிறதே, அப்படியென்றால் எதுவும் அழியவில்லைதானே?" என்று கேட்பார்கள்.

மேல் அம்புக்குறியில் வருவது நாம் தட்டச்சு செய்த கட்டளைகளின் பட்டியல். அதைப் பேஷ் தனியே வைத்துக்கொள்கிறது, சாளரத்தை மூடும்போது ஒரு கோப்பிலும் எழுதி வைக்கிறது. கிளியர் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் கேள்விகள் மட்டும்தான் இருக்கும், கணினி சொன்ன பதில்கள் இருக்காது. பிழைச் செய்தி என்பது பதில். அது சுருளில் மட்டுமே இருக்கிறது. வினாத்தாளைப் பத்திரப்படுத்திவிட்டு விடைத்தாளைத் தூக்கிப் போட்டதற்குச் சமம் என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரிகிறது.

எழுதி வைப்பதே நிலையானது

சுருளும் நிரந்தரமல்ல. சாளரத்தை மூடினால் போய்விடும், வரம்பு நிறைந்தால் பழைய வரிகள் உதிரும். முக்கியமான வேலையைக் கோப்பில் எழுதி வைப்பதே முறை. நம் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்ததால்தான், அன்றைய நகரைப் பற்றி இன்று நம்மால் இவ்வளவு பேச முடிகிறது. மாணவர்களிடம் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லி இரண்டு கட்டளைகளைக் கற்றுத் தருகிறேன்.

ஸ்கிரிப்ட் என்று எழுதி ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்தால், அதன்பின் டெர்மினலில் நடப்பது எல்லாம் அந்தக் கோப்பில் பதிவாகும். எக்ஸிட் கொடுத்தால் பதிவு நிற்கும். இடையில் கிளியர் கொடுத்தாலும் பதிவானவை அழியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். திரையைத் துடைக்கும் குறியீடும் கோப்பில் பதிவாகியிருக்கும். கேட் கட்டளையால் கோப்பைத் திரையில் கொட்டினால், அந்தக் குறியீடு மறுபடி உயிர்பெற்றுத் திரையைத் துடைத்துவிடும். எனவே உரைத்திருத்தியில் திறந்து பார்ப்பது நல்லது. சில விநோதக் குறிகள் தெரியும், பொருட்படுத்த வேண்டாம்.

மைஎஸ்கியூஎல்லுக்குள் டீ என்று எழுதிக் கோப்புப் பெயரைக் கொடுத்தால் அங்கே கொடுக்கும் வினவல்களும் விடைகளும் கோப்பில் சேரும். நோடீ கொடுத்தால் நிற்கும். செய்முறைப் பதிவேட்டுக்கு வெளியீட்டைக் கையால் பார்த்து எழுதும் மாணவர்களுக்கு இது பெரிய உதவி.

அழிக்கத்தான் வேண்டும் என்ற நேரம்

எல்லா நேரமும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. செய்முறைத் தேர்வில் ஒரு குழு எழுந்து அடுத்த குழு அமரும்போது, முந்தையவரின் விடை சுருளில் இருக்கக் கூடாது. அப்போது வெறும் கிளியர் கட்டளையே சரியானது, அல்லது சாளரத்தை மூடிவிட வேண்டும். மேல் அம்புக்குறியில் பழைய கட்டளைகள் வராமலிருக்க ஹிஸ்டரி -சி, அதைத் தொடர்ந்து ஹிஸ்டரி -டபிள்யூ என்று கொடுக்கலாம். கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்ட மாணவருக்கும் இதே அறிவுரை. பதிவேட்டுக்கு வேண்டிய வெளியீட்டைக் கோப்பில் சேமித்துவிட்டார்களா என்று கேட்ட பிறகே அழிக்கச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பிழை வந்தால் திரையைத் தொடக் கூடாது. முதலில் செய்தியை முழுமையாகப் படித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதன் பிறகு கண்ட்ரோல்-எல். ஒரு கணினியில் இருவர் அமரும்போது, பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் கிளியர் கொடுக்கக் கூடாது. அந்த மாணவி தன் நிரலில் தேதிக் கணக்கை, நாள்களைச் சரியாகக் கூட்டும் டைம்டெல்டா கொண்டு திருத்தி முடித்தார். செயல்திட்ட அறிக்கையில் "நான் சந்தித்த பிழைகள்" என்று ஒரு பக்கம் சேர்த்து, 1292 ஐயும் செப்டம்பர் 31 ஐயும் அதில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை இந்த ஆண்டு எல்லா மாணவர்களின் அறிக்கையிலும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர்கள் தங்கள் ஆய்வகத்திலும் முதலில் அந்த 100 எண் சோதனையைச் செய்து பாருங்கள். உங்கள் டெர்மினல் எதைக் காக்கிறது, எதை அழிக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.